மழலையர் வகுப்பில் பெசாக்: பண்டிகையைக் கேள்வியிலிருந்து தொடங்குவது எப்படி?

ஆண்டுதோறும் மார்ச் இறுதியிலோ ஏப்ரலிலோ இஸ்ரேலின் மழலையர் பள்ளிகளில் வகுப்பறையின் தோற்றம் மாறிவிடும். அமெரிக்காவிலும் பிற நாடுகளிலும் யூதச் சமூக மையங்கள் நடத்தும் மழலையர் வகுப்புகளிலும் இதே மாற்றத்தைப் பார்க்கலாம். பிள்ளைகள் உருட்டி விளையாடும் வண்ண மாவு அலமாரியை விட்டுப் போய்விடும். மக்ரோனி ஒட்டிய படங்கள் சுவரிலிருந்து இறங்கும். சிற்றுண்டியாக ரொட்டியும் பிஸ்கட்டும் கொடுத்தனுப்ப வேண்டாம் என்று பெற்றோருக்குக் கடிதம் வரும். பிள்ளையோ தவளை முகமூடி ஒன்றும், மொறுமொறுவென்ற தட்டை அப்பத்தின் துண்டு ஒன்றுமாக வீடு திரும்பும்.

இந்தப் பள்ளிகளில் யூதரல்லாத குடும்பங்களின் பிள்ளைகளும் படிப்பதுண்டு. தவளைக்கும் அப்பத்துக்கும் விளையாட்டு மாவுக்கும் என்ன தொடர்பு என்று அந்தப் பெற்றோர் குழம்புவது இயல்பு. மூன்றும் பெசாக் என்ற ஒரே பண்டிகையில் வந்து சேர்கின்றன. தமிழ் விவிலியம் படித்தவர்கள் இதைப் பஸ்கா என்று அறிவார்கள்.

## அடிப்படை: எதை நினைவுகூர்கிறார்கள்?

எகிப்தில் அடிமைகளாக இருந்த இஸ்ரவேலர் மோசேயின் தலைமையில் விடுதலை பெற்று வெளியேறியதாக விவிலியத்தின் யாத்திராகம நூல் சொல்கிறது. பெசாக் அந்த வெளியேற்றத்தின் நினைவு. எபிரேய நாட்காட்டியில் நிசான் மாதம் 15-ஆம் நாள் தொடங்குகிறது. எபிரேய மாதம் பிறையில் பிறப்பதால் பண்டிகையின் முதல் இரவு முழுநிலவை ஒட்டியே வரும். இஸ்ரேலில் 7 நாள், வெளிநாடுகளில் மரபு வழுவாத குடும்பங்களில் 8 நாள். யூத நாள் மாலையில் தொடங்குவதால் 2026-இல் முதல் இரவு ஏப்ரல் 1.

அந்த முதல் இரவு விருந்துக்குச் செடர் என்று பெயர். செடர் என்றால் ஒழுங்கு, வரிசை. 15 படிகளாக அது நடக்கும். வழிகாட்டும் நூல் ஹகாதா. "அந்நாளில் உன் பிள்ளைக்குச் சொல்" என்ற பொருளில் யாத்திராகமம் 13:8-இல் வரும் கட்டளையிலுள்ள 'சொல்' என்ற வினையிலிருந்து பிறந்த பெயர் அது. எருசலேம் ஆலயம் கி.பி. 70-இல் அழிக்கப்படும் வரை அங்கே ஆட்டுக்குட்டி பலியிடப்பட்டது. ஆலயம் போன பிறகு பலியும் நின்றது. இன்று செடர் தட்டில் வைக்கும் எலும்பு ஒரு நினைவுக் குறி மட்டுமே. அதை யாரும் உண்பதில்லை.

## பிள்ளை கேட்பதற்காகவே அமைத்த இரவு

மழலையர் ஆசிரியர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இது: பெரியவர்களின் சடங்கு ஒன்றைப் பிள்ளைகளுக்காகச் சுருக்கித் தரும் வேலை இங்கே இல்லை. செடர் தொடக்கத்திலிருந்தே பிள்ளையை மனத்தில் வைத்துக் கட்டப்பட்டது.

சான்றுகள் பழைய நூல்களிலேயே இருக்கின்றன.

1. கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்ற யூதச் சட்டத் தொகுப்பு, செடரில் அருந்தும் நான்கு கிண்ணத் திராட்சை மதுவில் இரண்டாவதை ஊற்றியதும் மகன் தந்தையைக் கேட்க வேண்டும் என்கிறது. கேட்கும் அறிவு பிள்ளைக்கு இல்லையென்றால் தந்தை கற்பிக்க வேண்டும். "இந்த இரவு மற்ற இரவுகளிலிருந்து ஏன் மாறுபட்டது?" என்று தொடங்கி, இன்று நான்கு கேள்விகளாகப் பாடப்படும் 'மா நிஷ்தனா' அப்படிக் கற்பிக்கத் தரப்பட்ட மாதிரிக் கேள்வி.

2. பிள்ளைகள் தூங்கிவிடாமல் விழித்திருந்து கேட்பதற்காக, பண்டிகைக்கு முந்தைய நாள் அவர்களுக்கு வறுத்த தானியமும் கொட்டைப் பருப்பும் கொடுப்பார் யூத மத ஆசான் ரப்பி அகிவா என்று, மிஷ்னாவைப் பற்றிய விவாதங்களின் தொகுப்பான தல்மூத் சொல்கிறது.

3. அதே தல்மூத்தில் இன்னொரு நிகழ்ச்சி வருகிறது. உணவு தொடங்கும் முன்பே மேசையை அப்புறப்படுத்தும் வழக்கம் அன்று இருந்தது. அறிஞர் ரப்பாவின் வீட்டில் மேசையைத் தூக்குவதைப் பார்த்த அவருடைய மாணவன் அபயே, "நாம் இன்னும் சாப்பிடவே இல்லையே, அதற்குள் மேசையை எடுக்கிறார்களே?" என்றான். "மா நிஷ்தனா சொல்லும் கடமையிலிருந்து எங்களை விடுவித்துவிட்டாய்" என்றார் ரப்பா.

4. 12-ஆம் நூற்றாண்டில் யூதச் சட்ட அறிஞர் மைமோனிடஸ் இதைச் சட்டமாகவே எழுதினார். பிள்ளைகள் கண்டு கேட்கும்படி அந்த இரவில் மாற்றங்கள் செய்ய வேண்டும். பதில் ஒவ்வொரு பிள்ளையின் அறிவுக்கும் தக்கதாக இருக்க வேண்டும்.

மூன்றாவது சான்றை ஒவ்வொரு மழலையர் ஆசிரியரும் திரும்பத் திரும்பப் படிக்கலாம். வியப்பிலிருந்து தானாக எழுந்த ஒரு கேள்வி, மனப்பாடமான நான்கு கேள்விகளின் இடத்தை நிரப்பிவிட்டது. ஆனால் பெரும்பாலான வகுப்புகளில் மூன்று வாரம் மா நிஷ்தனாவைப் பாடிப் பாடி மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள். பாட்டு நல்லதுதான். வீட்டில் இளைய பிள்ளை எழுந்து நின்று பாடும்போது தாத்தா பாட்டியின் முகம் மலர்வதற்கு ஈடில்லை. ஆனால் விடை தெரிந்த பின் பாடப்படும் கேள்வி கேள்வியாகாது. பாட்டோடு நிற்கும் வகுப்பு பண்டிகையின் மையத்தைத் தொடாமலே போகிறது.

அபயேயின் வழியை வகுப்பில் நடத்துவது எளிது. ஒரு காலை எதையும் விளக்காமல் அறையை மாற்றுங்கள். நாற்காலிகளை எடுத்துவிட்டுத் தரையில் தலையணைகளைப் போடுங்கள். சிற்றுண்டித் தட்டுகளை வைத்து, பிள்ளைகள் கை நீட்டும் முன் திரும்ப எடுத்துச் செல்லுங்கள். பிறகு காத்திருங்கள். மூன்று வயதுப் பிள்ளையும் ஒரு நிமிடத்துக்குள் "ஏன்?" என்று கேட்கும். வந்த கேள்விகளை அவரவர் சொற்களிலேயே பெரிய தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். பின்னால் நடக்கும் மாதிரிச் செடரில் மா நிஷ்தனாவுக்குப் பக்கத்தில் இந்தத் தாளையும் வாசிக்க வேண்டும். இங்கே சறுக்குவது பொதுவாக ஆசிரியரின் அவசரம்தான். பத்து விநாடி அமைதி பொறுக்காமல் விளக்கத் தொடங்கிவிட்டால் கேள்வி பிறக்காது.

## விளையாட்டு மாவு ஏன் மறைகிறது?

பெசாக் நாட்களில் 'ஹமேட்ஸ்' உண்ணக் கூடாது. உடைமையாக வைத்திருக்கவும் கூடாது. தமிழ் விவிலியம் இதைப் 'புளித்த மா' என்கிறது. பொருத்தமான மொழிபெயர்ப்பு. எபிரேயத்திலும் ஹமேட்ஸ் என்ற சொல் புளிப்பைக் குறிக்கும் சொல்லோடு ஒரே வேர் கொண்டது. எகிப்தை விட்டு அவசரமாகக் கிளம்பியபோது மாவு புளிக்க நேரம் இல்லாமல் அப்படியே சுட்டார்கள் என்பது கதை. அந்தப் புளிக்காத அப்பமே மட்ஸா.

ஆனால் புளித்த எல்லாமே ஹமேட்ஸ் அல்ல. கோதுமை, வாற்கோதுமை, ஸ்பெல்ட் என்ற பழைய கோதுமை வகை, ஓட்ஸ், ரை ஆகிய ஐந்து தானியங்கள் தண்ணீர் பட்டுப் புளித்தால் மட்டுமே அந்தப் பெயர். அரிசி புளிப்பதில்லை, கெட்டுப்போகவே செய்கிறது என்பது தல்மூத்தின் முடிவு. செடர் தட்டின் இரண்டு பதார்த்தங்களாகப் பீட்ரூட்டும் அரிசியும் போதும் என்று ரவ் ஹூனா என்ற அறிஞர் சொன்னதும் அதே நூலில்தான் இருக்கிறது. ஆக அரிசியும் உளுந்தும் அரைத்துப் புளிக்க வைத்த இட்லி மாவு எவ்வளவு பொங்கினாலும் ஹமேட்ஸ் கணக்கில் சேராது. ரவா இட்லி சேரும், ரவை கோதுமை என்பதால். இருந்தாலும் நடு, கிழக்கு ஐரோப்பிய வழி வந்த அஷ்கெனாசி யூதர்கள் அரிசி, பருப்பு, சோளம் போன்றவற்றையும் 'கிட்னியோத்' என்ற பெயரில் தவிர்த்து வந்திருக்கிறார்கள். ஸ்பெயின், போர்ச்சுகல் வழி வந்த செஃபார்டி யூதர்களில் பலர் அரிசி உண்பார்கள். ஒரே வகுப்பில் இரு வழக்கத்துப் பிள்ளைகளும் இருப்பார்கள் என்பதால் சிற்றுண்டிப் பட்டியல் எழுதும் முன் பெற்றோரிடம் கேட்பது அவசியம்.

கடைகளில் விற்கும் விளையாட்டு மாவில் பெரும்பாலும் கோதுமை இருக்கிறது. அதனால்தான் அது அலமாரியை விட்டுப் போகிறது. வகுப்பறையில் கண்ணுக்குத் தப்பும் மற்றவை:

- மக்ரோனி, பாஸ்தா கோத்த மணிமாலைகள்
- அளந்து கொட்டி விளையாடும் தொட்டியில் நிரப்பிய ஓட்ஸ்
- எண்ணிக்கைப் பயிற்சிக்கு வைத்த காலை உணவுத் தானிய வளையங்கள்
- மாவுப் பசை, காகிதக் கூழில் செய்த பொம்மைகள்
- பொம்மைச் சமையலறைப் பாத்திரங்களில் ஒட்டிக் காய்ந்த மாவு

கடைசியில் சொன்னதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பொம்மைப் பாத்திரங்களை வெந்நீரில் ஊறவைத்துப் பழைய பல்துலக்கியால் தேய்ப்பதைப் பிள்ளைகளிடமே கொடுக்கலாம். நான்கு வயதுக்காரர்கள் அரை மணி நேரம் அலுக்காமல் செய்யும் வேலை அது.

மாற்று விளையாட்டு மாவுக்கு ஒரு கணக்கு: சமையல் சோடா 2 கோப்பை, கார்ன் ஃப்ளார் 1 கோப்பை, தண்ணீர் ஒன்றேகால் கோப்பை. கரைத்து மிதமான தீயில் கிளறுங்கள். மசித்த உருளைக்கிழங்கின் பதம் வந்ததும் இறக்கி, ஈரத்துணி மூடி ஆறவிட்டுப் பிசையுங்கள். அதிக நேரம் தீயில் வைத்தால் உதிரும். கார்ன் ஃப்ளார் கிட்னியோத்தில் சேர்ந்தாலும் தடை உண்பதற்கு மட்டுமே, கையாள்வதற்கு இல்லை. சோடாவை விழுங்குவது உடலுக்குக் கேடு. வாயில் வைக்கும் வயதுப் பிள்ளைகளிடம் இதைக் கொடுக்கக் கூடாது.

தூக்கிப் போட முடியாத பொருட்களை அலமாரியில் பூட்டி, ரப்பி வழியாக யூதரல்லாத ஒருவருக்குப் பண்டிகைக் காலம் முழுவதற்கும் விற்றுவிடுவது மரபு. அலமாரிக் கதவின் குறுக்கே ஒட்டுநாடா ஒட்டியிருக்கும். அதைப் பிள்ளைகளின் கண்ணில் படும் இடத்திலேயே விடுங்கள். அதுவும் ஒரு கேள்வியைக் கொண்டுவரும்.

## பதினெட்டு நிமிட அப்பம்

வகுப்புச் செயல்பாடுகளில் மிகவும் வளமானது மட்ஸா சுடுவது. பிழைகள் அதிகம் நேர்வதும் இதில்தான். மாவில் தண்ணீர் பட்ட பின் சும்மா கிடந்தால் எவ்வளவு நேரத்தில் புளிப்புத் தொடங்கும் என்பதற்கு, 'மில்' என்ற பழைய அளவில் ஒரு மில் தூரம் நடக்கும் நேரம் என்று தல்மூத் அளவு தருகிறது. பின்வந்த சட்ட நூல்கள் அதை 18 நிமிடம் என்று நிலைநாட்டின. காற்றிலும் மாவிலும் உள்ள இயற்கை ஈஸ்ட் கண்ணுக்குத் தெரியும்படி மாவை உப்ப வைக்க இதைவிட வெகுநேரம் ஆகும். ஆகவே 18 நிமிடம் என்பதைச் சட்ட எல்லையாகச் சொல்லுங்கள். "19-ஆவது நிமிடம் மாவு பொங்கிவிடும்" என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டால் மறுநாளே அவர்கள் சோதித்துப் பார்த்து, சொன்னது பொய் என்று கண்டுபிடிப்பார்கள்.

நான்கு பிள்ளைகள் கொண்ட குழுவுக்கு மைதா 260 கிராம், தண்ணீர் 120 முதல் 150 மில்லி. உப்பு, எண்ணெய், சர்க்கரை எதுவும் வேண்டாம்.

1. முந்தைய மாலையே தண்ணீரைப் பிடித்து மூடிக் குளிர்ந்த இடத்தில் வையுங்கள். இரவு தங்கி ஆறிய தண்ணீரில்தான் பிசைய வேண்டும் என்பது விதி. இளஞ்சூடு புளிப்பை விரைவுபடுத்தும் என்ற கவலை அதற்குக் காரணம். 'தங்கிய' என்பதற்கான எபிரேயச் சொல்லுக்கு 'நம்முடைய' என்றும் பொருள் உண்டு. இதைப் போதித்த ரவ் மத்னாவிடம் மறுநாள் ஊரே குடங்களோடு வந்து "உங்கள் தண்ணீரைக் கொடுங்கள்" என்று நின்றதாகத் தல்மூத் சொல்கிறது. பிள்ளைகளுக்கு இந்தக் கதை மிகவும் பிடிக்கும்.

2. அடுப்பை (ஓவன்) 250 டிகிரி செல்சியஸில் குறைந்தது அரை மணி நேரம் முன்பே சூடாக்குங்கள். கனமான தட்டைக் கவிழ்த்து உள்ளேயே வைத்திருங்கள். அடுப்புப் போதிய சூடு ஏறாமல் தொடங்குவதே தோல்விக்கு முதற்காரணம். அப்பம் மொறுமொறுப்பாகாமல் தோல் போல இழுபடும்.

3. மாவு ஒரு மேசையில், தண்ணீர் தொலைவில் இன்னொரு மேசையில். மட்ஸா அடுமனைகளிலும் இப்படித்தான் பிரித்து வைப்பார்கள்.

4. தண்ணீர் மாவைத் தொட்ட கணத்தில் கடிகாரத்தை ஓடவிடுங்கள். முதலில் 120 மில்லி ஊற்றி, மாவு சேராவிட்டால் மட்டும் கரண்டி கரண்டியாகக் கூட்டுங்கள். முதலிலேயே அதிகம் ஊற்றினால் மாவு விரலில் ஒட்டிக்கொள்ள, அதைச் சுரண்டுவதிலேயே ஐந்து நிமிடம் போய்விடும்.

5. பிசைய 4 நிமிடம். பெரிய எலுமிச்சம்பழ அளவு உருண்டைகளாக்கித் தேய்க்க 6 நிமிடம். மாவை ஊறவிட நேரமில்லாததால் அது ரப்பர் போலச் சுருங்கும். உருண்டை பெரிதாக இருந்தால் பிள்ளையின் கை பலத்துக்கு அடங்காது. நடு தடித்து ஓரம் மெலிந்த அப்பமாக வந்தால் ஓரம் கருகி நடு வேகாது. இரண்டு மில்லிமீட்டர் தடிமன் சரி.

6. முட்கரண்டியால் நெருக்கமாகக் குத்த 2 நிமிடம். துளைகள் இல்லாவிட்டால் நீராவி சிக்கி அப்பம் பூரி போல உப்பும்.

7. அடுப்பில் 3 முதல் 4 நிமிடம். இந்தப் படி முழுக்கப் பெரியவர் கையில்.

கூட்டினால் 16 நிமிடம். இடறலுக்கு இரண்டு நிமிடம் மிச்சம். எண் பார்க்கத் தெரியாத பிள்ளைகளுக்குச் சுருங்கிக்கொண்டே வரும் வண்ணப் பரப்புள்ள கடிகாரம் உதவும். ஆசிரியர் கத்தி விரட்டத் தேவையில்லை. அவசரம் என்றால் என்ன என்பதைக் கையும் மாவுமே உணர்த்திவிடும்.

முக்கியமான எச்சரிக்கை ஒன்று. இந்த அப்பம் பெசாக்கில் உண்ணத் தகுந்ததல்ல. ஆலைகள் பல இடங்களில் கோதுமையை அரைக்கும் முன் ஈரப்படுத்துகின்றன. அதனால் கடை மாவு தண்ணீர் பட்ட மாவாகவே கருதப்படும். பண்டிகை மட்ஸாவுக்கான மாவு அரைக்கும் நேரத்திலிருந்தோ, கடுமையான முறையில் அறுவடையிலிருந்தோ, ஈரம் படாமல் காக்கப்படுகிறது. வகுப்பில் சுட்டதை வீட்டுக்குக் கொடுத்தனுப்பும்போது இதைச் சீட்டில் எழுதி ஒட்டாவிட்டால், மரபு பேணும் வீட்டில் பிள்ளை பெருமையோடு நீட்டும் அப்பத்தை அம்மா வாங்க மறுக்க நேரும். பிள்ளைக்கு அது பெரிய வலி. ஆகவே சுடும் நாளை, அறையைச் சுத்தம் செய்யும் நாளுக்கு முன்னதாகவே வைத்து, சூட்டோடு வகுப்பிலேயே தின்று முடிப்பது நல்லது.

## பத்துத் துண்டுத் தேடல்

பண்டிகைக்கு முந்தைய இரவு வீட்டில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஹமேட்ஸ் தேடுவார்கள். ஏற்கெனவே சுத்தம் செய்த வீட்டில் தேடல் வெறுங்கையாக முடியாதிருக்கப் பத்து ரொட்டித் துண்டுகளை ஒளித்து வைப்பது வழக்கம். இறகால் கூட்டி மரக்கரண்டியில் ஏந்திப் பையில் போட்டு மறுநாள் காலை எரிப்பார்கள். வகுப்பில் மெழுகுவர்த்திக்குப் பதில் கைவிளக்கு. ஒவ்வொரு துண்டையும் காகிதத்தில் சுற்றி வையுங்கள், உதிராது. ஒளித்த இடங்களை எழுதி வையுங்கள். எழுதாமல் விட்டு ஒன்பது மட்டும் கிடைத்தால், சுத்தம் செய்த அறையில் எங்கோ ஒரு ரொட்டித் துண்டு பண்டிகை முழுக்கக் கிடக்கும்.

## கதையை எவ்வளவு சொல்வது?

யாத்திராகமக் கதையில் கொடுமை உண்டு. ஆண் குழந்தைகளை நைல் ஆற்றில் எறியும் கட்டளை முதல் பக்கங்களிலேயே வருகிறது. இஸ்ரவேலரை விடுவிக்க அரசன் மறுத்ததால் எகிப்தின் மேல் வந்த பத்து வாதைகளில், அதாவது கொடுந்துன்பங்களில், இறுதியானது தலைப்பிள்ளைகளின் சாவு. மூன்று வயது வகுப்பில் இரண்டையும் விரித்துச் சொல்லக் கூடாது. "அரசன் குழந்தைகளுக்குத் தீங்கு செய்ய நினைத்தான், அம்மா தன் குழந்தையை ஒளித்து வைத்தாள்" என்ற அளவு போதும். பத்து வாதைகளில் தவளைகள் மட்டும் வகுப்பெங்கும் துள்ளுவதற்குக் காரணம் இதுதான். பயமுறுத்தாத ஒரே வாதை அது என்று சொல்லலாம்.

அடிமைத்தனத்தை நடித்துக் காட்டும் பழக்கம் சில வகுப்புகளில் இருக்கிறது. ஆசிரியர் எகிப்திய அரசன் பார்வோனாகி அதட்டுவார், பிள்ளைகள் கட்டைகளைச் சுமப்பார்கள். இதைக் கைவிட வேண்டும். நம்பும் ஆசிரியரே அதட்டும்போது சிறு பிள்ளைக்கு அது நடிப்பாகத் தெரியாது. அமெரிக்க வகுப்பிலோ, அடிமைத்தனம் தன் குடும்ப வரலாறாக உள்ள பிள்ளையும் அங்கே இருக்கக்கூடும். "அவர்களுக்கு ஓய்வு நாள் இல்லை, வேண்டாம் என்று சொல்ல முடியாது" என்ற இரண்டு வாக்கியங்களே அந்த வயதுக்கு அடிமைத்தனத்தின் முழு விளக்கம்.

இன்னொன்றும் விடுபடக் கூடாது. ஆற்றில் மிதந்த குழந்தை மோசேயைக் காப்பாற்றியவள் பார்வோனின் மகள், ஓர் எகிப்தியப் பெண். அவளைச் சேர்த்துச் சொன்னால் "எகிப்தியர் எல்லாரும் கெட்டவர்கள்" என்ற முடிவுக்குப் பிள்ளை போகாது.

கையால் செய்து பார்க்க இந்தக் கதை இரண்டு நல்ல வாய்ப்புகளைத் தருகிறது. குழந்தையை ஆற்றில் வைக்கத் தாய் நாணல் கூடைக்குக் கீலும் பிசினும் பூசினாள் என்கிறது நூல். இரண்டு காகிதப் படகுகள் செய்து, ஒன்றின் அடியிலும் பக்கங்களிலும் மெழுகுப் பென்சிலை அழுத்தித் தேய்த்து, இரண்டையும் தொட்டியில் மிதக்கவிடுங்கள். மடிப்புகளில் மெழுகு விட்டுப்போனால் பூசிய படகும் நனையும். அதனால் மடிப்பை இரண்டு முறை தேய்க்க வேண்டும். அடுத்தது செங்கல். களிமண்ணில் காய்ந்த புல்லை நறுக்கிக் கலந்து ஒன்றும், கலக்காமல் ஒன்றும் அச்சில் போட்டு நிழலில் மூன்று நான்கு நாள் காயவிடுங்கள். புல் இல்லாதது பெரும்பாலும் வெடித்துவிடும். வெயிலில் வைத்தால் இரண்டுமே வெடித்து வேறுபாடு தெரியாமல் போகும். வைக்கோல் தராமல் அதே அளவு செங்கல் கேட்டான் பார்வோன் என்ற வரியின் கொடுமை அதன் பிறகு பிள்ளைக்கு விளங்கும்.

## மாதிரிச் செடர்

பண்டிகைக்குச் சில நாள் முன்னதாக, 15 படிகளையும் சுருக்கி 30 முதல் 40 நிமிடத்துக்குள் நடத்துவது. அதற்கு மேல் நீண்டால் மூன்று வயதினர் எழுந்து ஓடுவார்கள். நாள் குறிக்கும்போது கவனம் வேண்டும். செடரில் மட்ஸா புதுச்சுவையாக இருப்பதற்காகச் சிலர் நிசான் மாதம் பிறந்ததிலிருந்தே அதைத் தொடுவதில்லை. பண்டிகைக்கு முந்தைய பகலில் அதை உண்ணவே கூடாது. 16-ஆம் நூற்றாண்டின் கிராக்கோவ் அறிஞர் மோசே இஸ்ஸர்லேஸ், இரவில் சொல்லப்படும் கதை புரியாத வயதுப் பிள்ளைக்கு மட்டும் இதில் விலக்குத் தந்தார். கதை புரியும் பிள்ளை பெரியவர்களோடு சேர்ந்து காத்திருக்க வேண்டும்.

15 பிள்ளைகளுக்கான கணக்கு:

- திராட்சைச் சாறு: நான்கு கிண்ணம், ஒவ்வொன்றிலும் 30 மில்லி. மொத்தம் 1.8 லிட்டர். கிண்ணம் நிறைய ஊற்றினால் இரண்டாவது கிண்ணத்திலேயே வயிறு நிரம்பி மேசைத் துணியும் நனையும்.
- உப்பு நீரில் தோய்த்து உண்ணும் கர்பாஸ்: பார்ஸ்லி இரண்டு கட்டு. ஒரு கோப்பை தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி உப்பு. கண்ணீரின் குறி அது.
- மரோர் என்ற கசப்புக் கீரை: ரோமெய்ன் லெட்யூஸ் இலைகள். பல வீடுகளில் காரமான குதிரைமுள்ளங்கி வைப்பார்கள். துருவிய குதிரைமுள்ளங்கியின் நெடி கண்ணையும் மூக்கையும் எரிக்கும் என்பதால் அது மழலையர் மேசைக்கு வேண்டாம்.
- ஹரோசெத் என்ற இனிப்புக் கலவை: துருவிய ஆப்பிள் 4, கொட்டை நீக்கி மசித்த பேரீச்சம்பழம் 8, பட்டைப் பொடி அரைத் தேக்கரண்டி, திராட்சைச் சாறு 3 மேசைக்கரண்டி. செங்கல் வேலையின் களிமண்ணை இது நினைவூட்டுகிறது. ஐரோப்பிய மரபில் ஆப்பிளும் வால்நட்டும், ஈராக் யூதர் மரபில் பேரீச்சம்பழப் பாகும் வால்நட்டும். வகுப்பில் வால்நட்டை விட்டுவிடுங்கள். ஒவ்வாமையும் தொண்டையில் சிக்கும் ஆபத்தும் உண்டு. ஆப்பிளைத் துண்டாக்காமல் துருவுவதும் அதற்காகவே.
- எலும்புக்குப் பதில்: சைவ வகுப்பில் வேகவைத்த பீட்ரூட். ரவ் ஹூனாவின் சொல் இதற்குத் துணை.

இடது பக்கம் தலையணையில் சாய்ந்து அமர்வது சுதந்திர மனிதரின் குறி. தலையணை உறைகளைப் பிள்ளைகளே முன்பே வரைந்து வைத்திருப்பார்கள். மா நிஷ்தனாவின் நான்கில் ஒன்று இந்தச் சாய்வைப் பற்றியது. மிஷ்னாவில் அந்த இடத்தில் சுட்ட இறைச்சியைப் பற்றிய கேள்வி இருந்தது. பலி நின்ற பிறகு அது போய்ச் சாய்வு வந்தது. செஃபார்டி மரபில் கேள்விகளின் வரிசையும் வேறு, தோய்த்து உண்பது அங்கே முதலில் வரும். வகுப்பில் கற்ற வரிசை வீட்டு வரிசையோடு மோதினால் பிள்ளை பாதியில் நின்றுவிடும். இதையும் முன்பே கேட்டறிய வேண்டும்.

மேசையில் அடுக்கிய மூன்று மட்ஸாக்களில் நடுவிலுள்ளதை இரண்டாக உடைப்பது ஒரு படி. இயந்திர மட்ஸாவில் துளைகள் வரிசையாக ஓடுவதால் அந்தத் திசையில் நேராக உடையும், குறுக்கே உடைத்தால் தாறுமாறாகச் சிதறும். பிள்ளைகளை இரண்டு திசையிலும் உடைத்துப் பார்க்க விடுங்கள். பெரிய பாதி 'அஃபிகோமான்'. அதை ஒளித்து வைப்பார்கள், பிள்ளைகள் தேடிக் கண்டுபிடித்தால் பரிசு. வீட்டில் மூன்று பிள்ளைகள் தேடுவது விளையாட்டு. வகுப்பில் பதினைந்து பேர் ஒரே துண்டைத் தேடினால் ஒருவர் சிரிக்கப் பதினான்கு பேர் அழுவார்கள். பெயர் எழுதிய பதினைந்து துணிப்பைகளில் தனித்தனித் துண்டு வைத்து, ஒவ்வொருவரும் தன் பையைத் தேடச் செய்தால் சிக்கல் தீரும். தேடல் முடிவதற்குள் மட்ஸா தூளாகிவிடும் என்பதால் பைக்குள் அட்டை ஒன்று வையுங்கள்.

பத்து வாதைகளின் பெயர் சொல்லும்போது விரலால் சாற்றைத் தொட்டு ஒவ்வொரு துளி வெளியே வைப்பார்கள். எகிப்தியரும் துன்பப்பட்டார்கள், ஆகவே நம் மகிழ்ச்சியின் கிண்ணம் முழுதாக இருக்கக் கூடாது என்பது இதற்குப் பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். நான்கு வயதுப் பிள்ளைக்கு இது நன்றாகவே எட்டுகிறது. அவசரப்படாமல் இந்தப் படிக்கு நேரம் கொடுங்கள்.

## அரசுப் பள்ளியில் இதைச் செய்யலாமா?

அமெரிக்க அரசுப் பள்ளிகளில் எல்லை வேறு. 1963-இல் உச்ச நீதிமன்றம் ஷெம்ப் வழக்கில் பள்ளி நடத்தும் வழிபாட்டைத் தடுத்தது. அதே தீர்ப்பு, மதத்தைப் பற்றிக் கல்வி நோக்கில் கற்பிப்பதைத் தடுக்கவில்லை. அதன்படி மட்ஸாவைச் சுவைப்பதும் கதையைக் கேட்பதும் "யூதக் குடும்பங்கள் இப்படிக் கொண்டாடுகின்றன" என்று சொல்வதும் கற்பித்தல். பிள்ளைகளை ஆசீர்வாத வாக்கியங்களைச் சொல்ல வைப்பது வழிபாடு. செயல்பாடு ஒன்றே என்றாலும் 'அவர்கள்', 'நாம்' என்ற சொல்லில் எல்லை நகர்ந்துவிடும். வகுப்பில் ஒரே ஒரு யூதப் பிள்ளை இருந்தால் அதை எழுப்பி விளக்கச் சொல்வதும் தவறு. விருப்பம் இருந்தால் அதன் பெற்றோர் வந்து சொல்லட்டும்.

## பண்டிகை முடிந்த மறுநாள்

பெசாக் முழுவதும் யூதர் ஒருவரின் உடைமையாக இருந்த ஹமேட்ஸைப் பின்னரும் பயன்படுத்தக் கூடாது. ஆகவே அலமாரிக்குள் ஒளிந்திருக்கும் பழைய மாவைத் தேடாமல், பண்டிகைக்குப் பின் புதிதாக மாவும் ஈஸ்ட்டும் வாங்குங்கள். முதல் நாள் வகுப்பில் ஈஸ்ட், சர்க்கரை, வெதுவெதுப்பான நீர், மாவு கலந்து கண்ணாடிக் குவளையில் வைத்து, மட்டத்தில் ரப்பர் வளையம் மாட்டுங்கள். ஒரு மணி நேரத்தில் மாவு வளையத்தைத் தாண்டி ஏறும். பக்கத்தில் மிச்சமிருக்கும் மட்ஸா ஒன்றை வைத்து, சுவரில் உள்ள கேள்வித் தாளை மீண்டும் வாசியுங்கள். "இது ஏன் தட்டையா இருக்கு?" என்று மூன்று வாரம் முன்பு யாராவது கேட்டிருப்பார்கள். இந்த முறை பதிலைப் பிள்ளைகளே சொல்வார்கள்.